கொட்டியாரக் குடாவுக்கு ஒரு குரல்: திருகோணமலையும் வானொலியும்

அதிகாலை நாலரை மணி. திருக்கடலூர்க் கரையில் வள்ளத்தைத் தள்ளுமுன் ஒரு சொப்பிங் பையை உள்ளே பத்திரமாகச் செருகுகிறார்கள். பைக்குள் உள்ளங்கை அளவு றேடியோ. பையின் வாய் றப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். உப்புக்காற்று பட்டால் பற்றரி முனைகள் பச்சை பூத்துவிடும். ஆகவே பையை அவிழ்ப்பதேயில்லை. பொலித்தீனுக்கு மேலாலேயே குமிழைத் திருகுவார்கள். பாட்டு ஓடும்வரை வலையைப் பற்றியும் எண்ணெய் விலையைப் பற்றியும் பேச்சு நடக்கும். காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பிராந்தியம் என்று அறிவிப்பாளர் தொடங்கியதும் பேச்சு அறுந்துவிடும். காற்றின் திசை, மணித்தியாலத்துக்கு எத்தனை கிலோமீற்றர் வேகம், இடியுடன் மழை உண்டா இல்லையா, அவ்வளவுதான். அதைக் கேட்டபின் போவதா, வலையை இழுத்துவைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவதா என்று முடிவெடுக்கிறார்கள்.

அந்த அறிக்கையின் முதல் வாக்கியத்திலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. காங்கேசன்துறை தீவின் வடக்கு முனையில், பொத்துவில் தென்கிழக்கில். இடையில் உள்ள முழுக் கரைக்கும் ஒரே வாக்கியம். கொட்டியாரக் குடாவுக்குள் நீர் எண்ணெய்போலக் கிடக்கிற நாளில் கோணேசர் மலைக்கு வெளியே கடல் வேறு முகம் காட்டும். வாடை பெயரும் நாட்களில் காலையில் ஒரு காற்று, மதியத்தில் வேறு காற்று. கரையிலுள்ள முதியவர்கள் இதை அறிவார்கள். கொழும்பிலிருந்து வாசிக்கப்படும் அறிக்கைக்கு இது தெரிய வழியில்லை. கேட்பவர் அந்த வாக்கியத்தை எடுத்து, தன் கண்ணால் கண்ட வானத்தோடு சேர்த்து, தானே ஓர் அறிக்கை செய்துகொள்கிறார்.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் திருகோணமலை மாவட்டத்தின் வழியாக வானலைகள் ஏராளமாகப் போய்வந்திருக்கின்றன. அவற்றில் இந்த மாவட்டத்தோடு பேசியவை மிகச் சில. அந்தச் சிலவற்றையும் இங்குள்ளவர்கள் எப்படிப் பற்றிக்கொண்டார்கள் என்று பார்த்தால்தான் வானொலி இன்னும் ஏன் தேவை என்பது விளங்கும்.

இந்த மாவட்டத்தில் பேசுவதென்றால் யாரோடு பேசுவது என்ற கேள்வி முதலில் வரும். 2012ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். முஸ்லிம்கள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, தமிழர் பத்தில் மூன்று, சிங்களவர் கால் பங்குக்குச் சற்று மேல். எந்தச் சமூகத்துக்கும் தனிப் பெரும்பான்மை கிடையாது. கிண்ணியாவும் மூதூரும் புல்மோட்டையும் ஒரு பக்கம். சம்பூர், வெருகல், தம்பலகாமம் இன்னொரு பக்கம். கந்தளாயும் சேருவிலவும் வேறொரு பக்கம். இவற்றுக்கு நடுவே காட்டோரத்திலும் கடலோரத்திலும் வேடர் வழிவந்த குடிகள். தென்மேல் பருவத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் இங்கே வந்து வாடி போடுவார்கள். காற்று மாறியதும் போய்விடுவார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது கடலும் மகாவலியின் கடைசி நீரும் வானமும்தான்.

வானொலி இந்தத் துறைமுகத்துக்கு முதலில் வந்தது மக்களுக்காக அல்ல, கப்பல்களுக்காக. இலங்கையில் பொது ஒலிபரப்பின் பிறப்புக் கதையிலும் கடல் இருக்கிறது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், முதல் உலகப்போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றிலிருந்து கழற்றிய பாகங்களைக்கொண்டு ஒலிபரப்புக் கருவி அமைத்துக் கொழும்பிலே பரிசோதனைகள் நடத்தினார். 1925 டிசம்பர் 16 அன்று கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. திருகோணமலையில் அப்போது வானலை என்றால் கடற்படைத் தந்திதான்.

அந்தத் தந்தி ஒருமுறை இந்த ஊரைப் பெரிதாகக் காத்தது. 1942 ஏப்ரல் 8 அன்று ரோந்து சென்ற கற்றலினா விமானம் ஒன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் கிழக்கே வருவதைக் கண்டு வானலையில் செய்தி அனுப்பியது. அன்றிரவே துறைமுகத்திலிருந்த கப்பல்கள் வெளியே அனுப்பப்பட்டன. மறுநாள் காலை குண்டுகள் விழுந்தபோது உட்துறைமுகம் பெரும்பாலும் காலியாக இருந்தது. சீனக்குடா விமானத்தளமும் கப்பல்துறையும் எண்ணெய்த் தாங்கி ஒன்றும் அடிபட்டன. வெளியே போன ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது என்பதும் உண்மை. ஆனாலும் ஒரு நாளுக்கு முன் கிடைத்த எச்சரிக்கை, உரியவரின் காதுக்குப் போய், ஒரு முடிவாகவும் மாறியது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு 62 ஆண்டுகள் தள்ளி வரவேண்டும்; அதற்கு முன் இன்னொரு கதை.

போர்க்காலத்தில் நேசநாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளையகம் கொழும்பு வானொலியை எடுத்துக்கொண்டது. பின்னர் ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்புக் கருவி வந்தது. போருக்குப் பின் அது இலங்கை அரசிடம் கையளிக்கப்பட, இலங்கை வானொலி பிறந்தது. 1950இல் வர்த்தக சேவை. எஸ். பி. மயில்வாகனம் போன்றவர்களின் குரல் கடல் தாண்டித் தமிழ்நாட்டின் தேநீர்க்கடைகள்வரை போனதை இரு கரையிலும் உள்ளவர்கள் இன்னும் பெருமையாகச் சொல்வார்கள். நானும் அந்தப் பெருமையில் பங்குள்ளவன்தான். ஆனால் மூதூர்த் துறையடியில் படகுக்குக் காத்திருந்தவருக்குத் தன் ஊர்ச் செய்தி அந்தப் பெட்டியில் வந்ததா என்று கேட்டால், அரிதாகத்தான் வந்தது.

1980களில் இன்னும் பெரிய கோபுரங்கள் வந்தன. ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல நிறுவனம் இலங்கை அரசோடு உடன்பாடு செய்து, நகருக்கு வடக்கே நிலாவெளிக் கடலோரமாக ஓர் அஞ்சல் ஒலிபரப்பு நிலையம் அமைத்தது. 1984இல் அது இயங்கத் தொடங்கியது. சிற்றலைக் கருவிகளோடு 400 கிலோவாட் வலுவுள்ள மத்திய அலைக் கருவியும் அங்கே இருந்தது; அலைவரிசை 1548 கிலோஹேர்ட்ஸ். கடலோரத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மத்திய அலை நிலத்தை ஒட்டி ஊர்ந்து போகும். வறண்ட மண் அதை விரைவில் உறிஞ்சிவிடும். உப்புநீர் மின்னை நன்றாகக் கடத்துவதால் கடல்மேல் அது வெகுதூரம் போகும். நிலாவெளிக் கடல் அந்த ஒலிக்குப் பாதை போட்டது. இந்தியத் துணைக்கண்டத்துக்கும் அதற்கு அப்பாலும் ஜேர்மன், ஆங்கிலம், இந்தி, வங்காளம், உருது என்று குரல்கள் இந்தக் கரையிலிருந்து கிளம்பிப் போயின. 2013 நடுப்பகுதியில் ஜேர்மனியர் விலகிக்கொள்ள, நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், ஆசியாவின் வலுமிக்க கோபுரங்களில் சில இந்த மாவட்டத்தின் தென்னைகளுக்கு மேலே நின்றன. அவற்றின் முகம் எப்போதும் தொலைவைப் பார்த்தே இருந்தது.

2004 டிசம்பர் 26 போயா தினம், ஞாயிற்றுக்கிழமை. காலை 7 மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் பிளந்தது. ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம் கழித்து அலை நமது கிழக்குக் கரையில் ஏறியது. ஒன்றரை மணித்தியாலம் என்பது சின்ன நேரமல்ல. கிண்ணியா வைத்தியசாலையிலிருந்து நோயாளரை வெளியேற்றப் போதுமான நேரம். இறக்கக்கண்டியிலும் குச்சவெளியிலும் பிள்ளைகளைக் கைபிடித்து உள்ளே நடத்திப் போகப் போதுமான நேரம். கிண்ணியா வைத்தியசாலை அழிந்தது. நாடு முழுவதும் 30 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். கரையிலே 400 கிலோவாட் நின்றது. வீடுகளில் வானொலிப் பெட்டிகள் இருந்தன. இரண்டுக்கும் நடுவே இருக்கவேண்டிய சங்கிலி இருக்கவில்லை: நில அதிர்வைக் கண்டவர், அதன் பொருளை உணர்ந்தவர், அதைத் தமிழிலும் சிங்களத்திலும் உடனே சொல்லும் அதிகாரம் பெற்ற ஒருவர், அவர் கையருகே ஓர் ஒலிவாங்கி. 1942இல் கப்பல்களுக்கு இருந்த அந்தச் சங்கிலி 2004இல் மனிதருக்கு இருக்கவில்லை. இதை எழுதும்போதும் நெஞ்சு கனக்கிறது. அடுத்த ஆண்டு அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்களும் எழுந்தன. கோபுரம் ஊதினால் ஓடலாம். எந்தப் பாதையால் ஓடுவது, எந்தப் பாலம் அடைபட்டுக் கிடக்கிறது, எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது என்பதைச் சொல்ல ஒரு வாய் வேண்டும்.

உள்நாட்டுப் போர்க்காலத்தில் வானொலி வேறு வேலை செய்தது. பொருளாதாரத் தடையால் பற்றரிகூடக் கிடைக்காத யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்டார்கள் என்பது தமிழ் உலகம் அறிந்த கதை. ஒருவர் மிதிக்க, பத்துப் பேர் சுற்றிக் குந்தியிருப்பார்கள். மிதி தளர்ந்தால் குரலும் தேயும். கிழக்கிலும் இரவு 9.15க்கு பிபிசி தமிழோசைக்காக வீடுகள் அமைதியாகும். 1941இல் லண்டனில் தொடங்கிய தமிழ் ஒலிபரப்பு அது. அதற்குத் தமிழோசை என்று பெயர் சூட்டியவர் இலங்கை வானொலியில் பணியாற்றிய சோ. சிவபாதசுந்தரம். 2017 ஏப்ரல் 30 அன்று அந்த வானொலிச் சேவை நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து அதற்குச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்ரோபர் 19 அன்று தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அவர் பிபிசியின் சிங்களச் சேவையான சந்தேசயவுக்கும் செய்தி கொடுத்தவர் என்பதை நாம் போதுமான அளவு நினைவுகூர்வதில்லை. ஒரே செய்தியாளரின் குரல் தெற்கில் சிங்களத்திலும் வடகிழக்கில் தமிழிலும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் என் பார்வையில் அந்தக் காலத்து வானொலியின் ஆழமான சேவை செய்தியறிக்கையில் இல்லை. தேசிய சேவையின் மரண அறிவித்தல்களில் இருந்தது. வெளியூர்த் தமிழருக்கு இது புதிராகத் தோன்றலாம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் இன்னாரின் அன்பு மனைவியும் இன்னாரின் பாசமிகு தாயாரும் ஆவார். இறுதிக்கிரியைகள் இத்தனை மணிக்கு. உற்றார் உறவினர் நண்பர் யாவரும் இந்த அறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும். ஏற்ற இறக்கமில்லாத குரலில், ஒன்றன்பின் ஒன்றாக வரும். சமைத்துக்கொண்டிருக்கும் பெண் கரண்டியைப் பிடித்தபடியே நிற்பாள். ஊர்ப்பெயர் கேட்டதும் ஒரு கணம் மூச்சடங்கும். ஆள்பெயர் வேறு என்று தெரிந்ததும் கரண்டி மறுபடி அசையும்.

2006இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டதிலிருந்து தொடங்கிய சண்டை மூதூர்ப் பிரதேசத்தையே கலைத்துப்போட்டது. மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள்; சம்பூர்த் தமிழர் வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போய், பின் கிளிவெட்டி முகாமுக்கு வந்தார்கள். பலர் சொந்த மண்ணுக்குத் திரும்பக் கிட்டத்தட்டப் பத்தாண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் மரண அறிவித்தலில் ஒரு சொல் கூடிவிட்டது: பிறப்பிடம், வதிவிடம் என்பவற்றோடு 'தற்காலிக வதிவிடம்'. எந்தக் கணக்கெடுப்பும் பதியாத இடப்பெயர்வு வரைபடத்தை அந்தச் சொல் நாள்தோறும் வரைந்தது. முகாம் தகரக்கொட்டிலில் இறந்த கிழவருக்கு அவருடைய ஊர்ப்பெயரை முழுதாகச் சொல்லி, அவர் யாருக்கு யார் என்பதை ஒன்றும் விடாமல் அடுக்கி, நாடு முழுக்கக் கேட்க அறிவிப்பதைவிடப் பெரிய மரியாதை அந்த நேரத்தில் வேறெதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இனி நோன்புக்கு வருவோம். தூரத்துக் குரலுக்கும் அருகிலுள்ள குரலுக்கும் உள்ள வேறுபாட்டை நிமிடக் கணக்கில் காட்டக்கூடிய எடுத்துக்காட்டு இது. இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை தமிழிலேயே ஒலிப்பது. ரமழானில் அதன் ஸஹர் நேர நிகழ்ச்சிகள் கிண்ணியாவிலும் மூதூரிலும் அடுப்படிவரை கேட்கும். அதில் வரும் பாங்கு கொழும்பு நேரத்துக்கு உரியது. திருகோணமலை கொழும்புக்குக் கிழக்கே ஒரு பாகைக்குச் சற்று அதிகம், வடக்கேயும் ஒன்றரைப் பாகைக்கு மேல். ஆகவே இங்கே சூரியன் முந்தி எழும், முந்தியே விழும். பருவத்தைப் பொறுத்து அந்த வேறுபாடு சுமார் 2 நிமிடத்திலிருந்து 8 நிமிடம்வரை. மாலையில் கொழும்புப் பாங்குக்குக் காத்திருந்தால் கூடுதலாகச் சில நிமிடம் பசித்திருப்பதோடு போகும். விடியலில் அப்படியல்ல. கொழும்பு நேரத்தை நம்பிக் கடைசி மிடறு தண்ணீர் குடிப்பவர் தன் ஊரின் ஸுபஹு நேரத்தைத் தாண்டிக் குடித்திருப்பார். அதனால்தான் வீட்டுச் சுவரில் பள்ளிவாசல் தந்த நேர அட்டவணை ஒட்டியிருக்கும். ஒரு காது வானொலியில், ஒரு கண் அட்டவணையில். தலைநகர் வானொலி எவ்வளவு அன்போடு பேசினாலும் அதனிடம் இருப்பது தலைநகரின் சூரியன்.

இதற்கு மாற்று இந்தத் தீவிலேயே செய்துபார்க்கப்பட்டிருக்கிறது. 1981இல் யுனெஸ்கோவினதும் டென்மார்க்கினதும் உதவியோடு மகாவலி சமூக வானொலி தொடங்கியது. தயாரிப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு குடியேற்றக் கிராமங்களுக்குப் போய், அங்கேயே தங்கி, மக்களைப் பேசவைத்துப் பதிந்தார்கள். 1989இல் கொத்மலையில் ஒரு சிறு நிலையமே எழுந்தது. அணைக்காக இடம்பெயர்க்கப்பட்ட சிங்களக் கிராமங்களும் தேயிலைத் தோட்டத் தமிழரும் அதன் நேயர்கள். 1998இல் அங்கே இணைய இணைப்பு வந்தபோது செய்ததை இன்றைக்கும் வியந்து சொல்லலாம். நேயர்கள் கடிதத்திலும் தொலைபேசியிலும் கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, விடயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, அவர்களுடைய மொழியில் விளக்குவார். கணினியைக் கண்ணால் காணாதவருக்கும் அதன் பயன் கிடைத்தது. அந்த மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிவந்து கொட்டியாரக் குடாவில்தான் கடலோடு சேர்கிறது. மேல் ஆற்றங்கரைக்குக் கிடைத்த குரல் கீழ் ஆற்றங்கரைவரை வந்து சேரவில்லை.

சட்டம் ஒரு தடை. 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் அமைச்சர்தான் தனியாருக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகிறார்; சமூக வானொலி என்ற தனி வகை அதில் இல்லை. இந்தியா 2002இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் சமூக வானொலிக் கதவைத் திறந்தது. இங்கே கொத்மலையும் அதன் பின் வந்தவையும் அரச கூட்டுத்தாபனத்தின் பிள்ளைகளாகவே இருந்தன. தாய் நினைத்தால் வாய் திறக்கலாம்.

ஆனால் இந்த நாட்டு உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது இன்னும் பரவலாகத் தெரியவேண்டியது. அரச வானொலியில் முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்று 1995இல் திடீரென நிறுத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து கேட்டுவந்த, அதில் பங்கேற்றும் வந்த ஒரு நேயர் வழக்குத் தொடுத்தார். அவர் உரிமையாளரும் அல்லர், தயாரிப்பாளரும் அல்லர், வெறும் நேயர். 1996இல் நீதியரசர் மார்க் பெர்ணான்டோ வழங்கிய தீர்ப்பில், பங்கேற்கும் நேயர் என்ற வகையில் அவருடைய கருத்து வெளிப்பாட்டுரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கேட்பவரும் அந்தப் பேச்சின் ஒரு பாதி என்பது இதன் பொருள். கிண்ணியாவிலோ கந்தளாயிலோ தொலைபேசியை எடுத்து வானொலிக்கு ஒரு கேள்வி கேட்பவர் வெறுமனே நேரம் போக்குபவர் அல்லர். அரசியலமைப்பு தந்த உரிமையொன்றைப் பயன்படுத்துபவர்.

கையில் தொலைபேசி இருக்கும்போது வானொலி எதற்கு என்று இளையவர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது, பதிலைக் கொஞ்சம் பொறியியலாகவே சொல்லவேண்டும். கைபேசிக் கோபுரத்துக்கு மின்சாரம் போனால் சேமிப்புப் பற்றரியில் சில மணித்தியாலம் ஓடும், பிறகு அடங்கும். அடங்குமுன்பே எல்லோரும் ஒரே நேரத்தில் அழைக்க, தடம் நெரிந்து யாருக்கும் கிடைக்காது. ஒலிபரப்புக்கு நெரிசல் இல்லை. நூறு பேர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் அனுப்பும் கருவிக்கு ஒரே வேலை. வாங்கும் பெட்டிக்கு இரண்டு பென்ரோச் பற்றரி போதும். எஃப்.எம். அலை கண்பார்வை போனதூரம்தான் போகும் என்பார்கள். குறுகிய தூரம் என்பது இங்கே குறையல்ல. உயரமான ஓரிடத்தில் ஒரு சிறு கருவி நின்றால் குடாவின் இரு கரையும் அதன் பார்வைக்குள் வரும்.

மொழிக்கும் இதில் ஒரு பங்குண்டு. தீவின் வானொலி நெடுங்காலம் சிங்களச் சேவை, தமிழ்ச் சேவை, ஆங்கிலச் சேவை என்று தனித்தனி அறைகளாக இயங்கியது. அது தேவையான ஏற்பாடுதான். தன் மொழியில் கேட்கும் உரிமையை எவரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் திருகோணமலைச் சந்தையில் மீன் விலை பேசுபவர் ஒரே மூச்சில் இரண்டு மொழிக்குள் போய்வருகிறார். கந்தளாய்க் குளத்து நீர் திறக்கும் நாள் சிங்கள விவசாயிக்கும் தம்பலகாமத்துத் தமிழ், முஸ்லிம் விவசாயிகளுக்கும் ஒன்றே. அந்த அறிவித்தலை ஒரே நிலையம் இரு மொழியிலும் அடுத்தடுத்துச் சொன்னால், மற்றவருக்கும் அதே செய்திதான் சொல்லப்படுகிறது என்பதை ஒவ்வொருவரும் தன் காதாலேயே உறுதிசெய்துகொள்வார். சந்தேகம் ஊறிப்போன ஒரு மாவட்டத்தில் இதன் மதிப்பை நான் மிகப் பெரிதாக எண்ணுகிறேன்.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலைநாட்டில் கொட்டிய மழை மகாவலியில் இறங்கிக் கிழக்கே வந்தது. மாத முடிவில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது; 2006இல் போர் மூண்ட அதே மாவிலாறு. மூதூர், சேருவில, வெருகல், கிண்ணியாப் பக்கத்து மக்கள் வெளியேற வேண்டியதாயிற்று. மலையிலிருந்து வந்த நீருக்கு வழியில் நேரம் எடுத்தது. 2004இல் கிடைத்த ஒன்றரை மணித்தியாலத்தைவிட எவ்வளவோ நீண்ட நேரம் அது. அந்த நேரத்தில் ஒருவர் ஒலிவாங்கிக்கு முன் உட்கார்ந்து, ஈச்சிலம்பற்று, பூநகர், வெருகல், தோப்பூர், கிளிவெட்டி, கங்குவேலி, சேருநுவர என்று ஊர்ப்பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லவேண்டும். எந்த ஊருக்கு எந்த வீதி இன்னும் திறந்திருக்கிறது, எந்தத் துறையில் வள்ளம் நிற்கிறது என்று தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை சொல்லவேண்டும். அவர் அந்தப் பெயர்களைத் தாளைப் பார்த்துத் தடுமாறி வாசிப்பவராக இருக்கக்கூடாது. அந்த வீதிகளில் மழைக்காலத்தில் சைக்கிள் உருட்டிப் போனவராக இருக்கவேண்டும்.